பழைய ஆதாரம் வாசித்துத் தரும் தக்கலைக் கடையும் எங்கள் பூட்டனின் 'சுயநலச் சொத்து'ம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையாளத்தில் எழுதிய பழைய ஆதாரம், அதாவது சொத்துப் பத்திரம், கையில் இருக்கிறது, வீட்டில் அதை வாசிக்க ஆள் இல்லை என்றால் இந்தக் கடைக்குத் தாராளமாகப் போகலாம். அடுத்த வாரம் பேங்க் லோன், அதற்குள் வேண்டும் என்று ஓடுகிறவர்கள் போக வேண்டாம், ரத்தக்கொதிப்புதான் மிஞ்சும். ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன்.

கடை என்றதும் கண்ணாடிக் கதவு, ஏசி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். தக்கலையில் பத்திரம் எழுதுகிறவர்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம், ஒரு மாடிப்படிக்குக் கீழே இரண்டு மேஜை, ஒரு மரப்பெஞ்சு, காற்று வருகிறதோ இல்லையோ சத்தம் மட்டும் தாராளமாகக் கொடுக்கும் ஒரு மின்விசிறி, அவ்வளவுதான். போர்டு கிடையாது. 'மலையாளம் வாசிக்கப்பட்ட அண்ணாச்சி எங்க இருக்காரு' என்று யாரிடம் கேட்டாலும் கை காட்டிவிடுவார்கள். எழுபதைத் தாண்டியவர், அந்தக் காலத்தில் ஆதாரங்களுக்கு நகல் எழுதி எழுதியே கண்ணைக் கெடுத்துக்கொண்டவர். பழைய லிபி, சுழித்துச் சுழித்து எழுதிய கையெழுத்து, ஓரம் கரையான் தின்ற தாள், மடித்த இடத்தில் எழுத்தே இல்லாமல் போன வரி, எதைக் கொடுத்தாலும் வாசிக்கிறார். வாசிக்க முடியாத இடத்தில் இவராக ஒரு சொல்லை நுழைப்பதில்லை, புள்ளி வைத்து விட்டுவிடுகிறார். என்னைப் பொறுத்தவரை இதற்கே இரண்டு நட்சத்திரம் போகும்.

வெளியூர்க்காரர்களுக்கு இப்படி ஒரு கடை எதற்கு என்றே புரியாது. 1956 நவம்பர் 1ஆம் தேதி வரைக்கும் நாங்கள் திருவிதாங்கூர், 1949க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. சர்க்கார் மொழி மலையாளம். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் தமிழிலும் எழுதிக்கொண்டார்கள் என்றாலும் கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் சொத்து எழுத்து பெரும்பாலும் மலையாளம்தான். பாட்டா காலத்து ஆட்களுக்கு ரெண்டு எழுத்தும் தெரியும், அப்பா காலத்துக்குப் பேச மட்டும் வரும், நாங்கள் மலையாளப் படம் பார்ப்பதோடு சரி. ஆக, சொத்து இருக்கிறது, காகிதம் இருக்கிறது, வாரிசும் இருக்கிறார்கள், என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. தேதியும் கொல்லம் ஆண்டில் இருக்கும். 1094 மீனம் என்று பார்த்துவிட்டு, சோழர் காலத்து ஆதாரம் என்று புல்லரித்துப் போன ஒருவரை எனக்குத் தெரியும். 825 கூட்டினால் 1919, அவ்வளவுதான். சிங்கம் (நம் ஆவணி) பிறந்து டிசம்பர் முடியும்வரை 824, அதற்கப்புறம் 825. இதையெல்லாம் அண்ணாச்சி ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஆதாரத்தோடு குண்டூசி குத்தித் தருகிறார்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். எங்கள் பூட்டன், அதாவது பாட்டாவின் அப்பா, கோட்டாறு கம்போளத்தில் துணி யாவாரம் பார்த்தவர். 1094ல் தக்கலைக்கு மேற்கே ஒரு விளை, அதாவது தோட்ட நிலம், வாங்கியிருக்கிறார். ரெண்டு மூணு வருஷம் கழித்து அதை மனைவி மக்கள் பேரில் இஷ்டதானமாக எழுதியிருக்கிறார். அப்போதே அவருடைய சகோதரி பிள்ளைகள், அதாவது மருமக்கள், 'குடும்பச் சொத்தை வீட்டுக்காரிக்கு எழுதி வச்சிட்டாரு' என்று சண்டை போட்டிருக்கிறார்கள். நூறு வருஷம் ஆகியும் அந்தச் சண்டை சாகவில்லை, இப்போது வாட்ஸ்அப்பில் நடக்கிறது. ரோடு அகலப்படுத்தப் போகிறார்கள், விளையின் முன்பக்கம் போகும், பணம் வரும் என்று ஒரு வதந்தி கிளம்பியதும் கொஞ்சம் காரமாகவே நடக்கிறது.

இதில் என் சித்தி மகன் ஒரு காரியம் செய்தான். யாரோ எப்போதோ மலையாளத்தில் டைப் அடித்து வைத்திருந்த ஒரு பிரதியைப் படம் பிடித்து, போனில் இருந்த மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு, வந்ததை அப்படியே குடும்பக் குழுவில் தட்டிவிட்டான். 'என்னுடைய சுயநலச் சொத்தான மேற்படி விளையை' என்று ஒரு வரி. அவ்வளவுதான், மருமக்கள் பக்கத்து மாமா ஒருவர் அதை மட்டும் வெட்டி எடுத்து, சிவப்பு வட்டம் போட்டு, 'பாத்தியளா, அவரே ஒத்துக்கிட்டு எழுதியிருக்காரு' என்று திருப்பி அனுப்பினார். கீழே கைதட்டல் பொம்மை வரிசையாக. தன் சொத்தைத் தானே சுயநலச் சொத்து என்று முத்திரப்பத்திரத்தில் எழுதுகிற மனிதன் உலகத்தில் உண்டா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை!

அந்த டைப் பிரதியையும், சங்கு முத்திரை போட்ட அசல் தாளையும் எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன். அண்ணாச்சி டைப் பிரதியைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. அசலை வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பி, ஒரு பெரிய லென்ஸை அந்த வரியின் மேல் வைத்து, 'வந்து பாருங்க மக்களே' என்றார். மங்கிய பழுப்பு மை. 'ஸ்வார்' வரைக்கும் தெளிவாக இருக்கிறது. அடுத்த எழுத்தின் மேல்பாதி தேய்ந்து, கீழே ஒரு சுழியும் அதை ஒட்டி இன்னொரு சுழியும் மட்டும் மிச்சம். 'இது ஜ ஆக்கும். இரட்டை ஜ. டைப் அடிச்சவன் இதை இரட்டைத் தன்னு நெனச்சு ஸ்வார்த்தம்னு அடிச்சிட்டான். அசலு ஸ்வார்ஜ்ஜிதம்.' இன்றைய மலையாளத்தில் ஸ்வார்த்தம் என்றால் சுயநலம், போன் அதைத்தான் தமிழாக்கியிருக்கிறது. அப்புறம் அதே தாளில் நாலு வரி தள்ளி அதே சொல் இன்னொரு தரம், மை நன்றாக இருக்கும் இடத்தில், வந்திருப்பதைக் காட்டினார். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சந்தேகமே வராது. இப்படி ஒரே ஆவணத்துக்குள்ளேயே சாட்சி தேடிக் கொடுப்பதைத்தான் நான் வேலை என்பேன்.

ஸ்வார்ஜிதம் என்றால் ஸ்வ, ஆர்ஜிதம். தானே சம்பாதித்தது. தமிழ்ப் பத்திரங்களில் 'சுயார்ஜிதம்' என்று இன்றைக்கும் எழுதுகிறோமே, அதுதான். இந்தச் சொல்லை ஏன் அவ்வளவு அழுத்தி ரெண்டு இடத்தில் எழுதினார்கள் என்பதற்கு மருமக்கள் வழி தெரிந்திருக்க வேண்டும். நாயர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள், நாஞ்சில் நாட்டு வேளாளர்களிலும் அதுதான் நடைமுறை. குடும்பச் சொத்தைக் காரணவர், அதாவது குடும்பத்தின் மூத்த ஆண், ஆள்வார், அவருக்குப் பின்னால் அது அவருடைய பிள்ளைகளுக்குப் போகாது, சகோதரி பிள்ளைகளுக்குப் போகும். பெற்ற பிள்ளைக்கு 'உகந்துடைமை' என்று ஒரு சின்னப் பங்கு, அதுவும் அவர்கள் மனம் உகந்து கொடுத்தால். இந்த ஏற்பாட்டில் ஒரு மனைவி படுகிற பாட்டை அவள் வாயாலேயே சொல்ல வைத்து, தேரூர்க்காரரான கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' என்று எழுதினார். சிரித்துக்கொண்டே வாசிக்கலாம், எங்கள் ஊர் வீடுகளில் அதை வாசித்து அழுத ஆச்சிகளும் உண்டு. திருவிதாங்கூர் சர்க்கார் நாயர்களுக்கு 1912லும் 1925லும் சட்டம் கொண்டுவந்து இந்த முறையைத் தளர்த்தியது, நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் 1926ல், அதாவது கொல்லம் 1101ல் வந்தது.

எங்கள் பூட்டன் எழுதியது அதற்கு முன்னால். அப்போது ஒரு மனிதன் பெண்டாட்டி பிள்ளைக்குத் தைரியமாகக் கொடுக்க முடிந்தது என்றால் அது அவன் தானாகச் சம்பாதித்ததாக இருந்தால்தான். அதிலும், குடும்பப் பணத்தை எடுத்து வாங்கினாயா, உன் பணத்தில் வாங்கினாயா என்று கேள்வி வரும். அதனால்தான் பணம் கோட்டாறு யாவாரத்தில் வந்தது, குடும்பத்துக்கு இதில் பங்கில்லை, அனந்தரவர் யாருக்கும் இதில் அவகாசம் (உரிமை) இல்லை என்று வரிக்கு வரி பாதுகாப்பு போட்டிருக்கிறார். அண்ணாச்சி கொடுத்த தமிழில் இந்தப் பகுதி மட்டும் ஒரு முழுப் பக்கம் வருகிறது. 'அனந்தரவர்' என்பதற்கு 'வாரிசுகள்' என்று போட்டுவிட்டுப் போயிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை, 'அனந்தரவர் (சகோதரி மக்கள்)' என்று எழுதியிருக்கிறார். ஏனென்றால் இன்றைய தமிழில் வாரிசு என்றால் பிள்ளைகள் என்றுதான் அர்த்தமாகும், முழு ஆதாரமும் தலைகீழாகிவிடும்.

இதோடு என் வேலை முடிந்திருக்க வேண்டும். ஆனால் இந்த அண்ணாச்சியிடம் ஒரு பழக்கம், இதைக் குறை என்பதா நிறை என்பதா என்று எனக்குத் தெரியவில்லை, ஒரு சொல்லில் கை வைத்தால் லேசில் விடமாட்டார். 'ஸ்வார்த்தம்னே எழுதியிருந்தாலும் அது கெட்ட வார்த்தை இல்ல கேட்டியளா' என்று ஆரம்பித்தார். பெஞ்சில் காத்திருந்தவர்கள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஆனால் அவர் சொன்னதில் விஷயம் இருந்தது, வீட்டுக்கு வந்து அகராதிகளைப் புரட்டியபோது இன்னும் இருந்தது.

ஸ்வ, அர்த்தம். அர்த்தம் என்பது சமஸ்கிருதத்தில் நோக்கம், செல்வம், சொல்லின் பொருள் என்று மூன்றுக்கும் பொது. தமிழ்ப் 'பொருள்' அப்படியே அதே மூன்று வேலையையும் பார்க்கிறது. அதனால் ஸ்வார்த்தம் என்றால் தன் காரியம், தன் சொத்து, ஒரு சொல்லின் சொந்த அர்த்தம் என்று எல்லாமே வரும். 1899ல் வந்த மோனியர் வில்லியம்ஸ் சமஸ்கிருத அகராதியில் இந்தச் சொல்லுக்கு 'தன் ஆதாயம்' என்ற பொருளும் இருக்கிறது, 'நேர்ப்பொருள் உடையது' என்ற பொருளும் இருக்கிறது. தர்க்கத்தில் இன்னும் அழகு. புகையைப் பார்த்ததும் நெருப்பு இருக்கிறது என்று நம் மனசுக்குள் நாமே முடிவு செய்தால் அது ஸ்வார்த்த அனுமானம். அதையே எதிராளிக்குப் புரியும்படி வரிசையாக எடுத்துச் சொன்னால் பரார்த்த அனுமானம். திங்நாகர் காலத்திலிருந்து பௌத்தர்கள் பேசும் பாகுபாடு இது. தமிழ்ச் சைவ நூல்களில் தன்பொருட்டு அனுமானம், பிறர்பொருட்டு அனுமானம் என்று வருகிறது. இங்கே ஸ்வார்த்தத்தில் பேராசையும் கிடையாது, அடுத்தவனை ஏமாற்றுவதும் கிடையாது. தனக்காக யோசிக்கிறான், அவ்வளவுதான்.

அப்படி இருந்த சொல் இன்றைக்கு மலையாளத்தில் வசைதான். மேற்கே களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கம் போனால் 'அவன் பெரிய ஸ்வார்த்தனாக்கும்' என்று தமிழ் பேசுகிறவர்களே சொல்வார்கள். கிழக்கே நாகர்கோவில் வந்தால் அதே ஆள் 'சுயநலம் பிடிச்சவன்' ஆகிவிடுவான். ஒரு மணி நேர பஸ் தூரத்தில் திட்டு மாறுகிறது, திட்டப்படுகிறவன் மாறுவதில்லை.

இந்தச் சுயநலம் என்ற சொல்லைத்தான் அதற்கப்புறம் நான் சும்மா விட முடியாமல் நோண்டிக்கொண்டிருக்கிறேன். சுயம் நல்ல சொல். சுயமரியாதை, சுயராஜ்யம், சுயதொழில், எதிலும் குற்றம் இல்லை. நான் பெஞ்சில் காத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவும் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்குநோட்டோடு, ஏதோ ஒப்பந்தம் எழுதத்தான் வந்திருந்தார். நலமும் நல்ல சொல், கடிதத்தில் முதல் வரியே நலம் நலமறிய ஆவல் என்றுதான். ரெண்டு நல்ல பிள்ளைகளையும் சேர்த்து உட்கார வைத்தால் ஒரு திருட்டுப்பயல் எழுந்து நிற்கிறான்!

நலம் என்பதே பழைய இலக்கியத்தில் வேறு ஆள். அழகு, குணம், நன்மை எல்லாம் அதற்குள் அடக்கம். குறளில் 'நலம் புனைந்துரைத்தல்' என்ற அதிகாரம் தலைவியின் அழகைப் பாடுவது. 'மனநலம் மன்னுயிர்க்கு ஆக்கம்' என்னும்போது மனசின் நல்ல தன்மை, நம் ஆஸ்பத்திரி போர்டில் இருக்கும் மனநலம் இல்லை. இதையெல்லாம் விடுங்கள், 916ஆம் குறளைப் பாருங்கள்: 'தந்நலம் பாரிப்பார் தோயார் தகைசெருக்கிப் புன்னலம் பாரிப்பார் தோள்.' வரைவின் மகளிர் அதிகாரம், விலைமகளிரைப் பற்றியது. இன்றைய காதோடு கேட்டால் தந்நலம் பாரிப்பார் என்பது சுயநலக்காரர்களைத் திட்டுவதாகத் தோன்றும். ஆனால் பரிமேலழகர் சொல்லும் பொருள், தம் புகழை உலகத்தில் பரப்பும் உயர்ந்தோர். தந்நலம் பார்க்கிறவன் இங்கே பெரிய மனிதன்! புன்னலம், அதாவது அற்பமான அழகு, அதை விரித்துக் காட்டுவதுதான் இழிவு. இரண்டு நலமும் ஒரே குறளில் எதிரெதிரே நிற்கின்றன, 'தன்' என்று ஒட்டிக்கொண்டதுதான் நல்ல பக்கம்.

அதற்காகப் பழந்தமிழர் தன்னலத்தைக் கொண்டாடினார்கள் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். 'தமக்கென முயலா நோன்தாள், பிறர்க்கென முயலுநர்' இருப்பதால்தான் உலகம் இருக்கிறது என்று புறநானூறு 182ல் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி சொல்லிவிட்டார். குணத்தைப் பற்றி அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்தே இருந்தது. அந்தக் குணத்துக்கு 'தன்னலம்' என்று அவர்கள் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். பின்னால் பொதுநலம் என்று ஒரு சொல் மேடையிலும் பத்திரிகையிலும் ஏறி உட்கார்ந்ததும், அதற்கு எதிரே நிறுத்த ஒரு ஆள் தேவைப்பட்டது. தன் பாட்டுக்கு இருந்த சுயநலத்தைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

ஆங்கிலத்திலும் ஏறக்குறைய இதுதான் நடந்திருக்கிறது. 'செல்ஃபிஷ்' என்பது ஏதோ ஆதிகாலத்துச் சொல் மாதிரி இருக்கிறதே ஒழிய, 1640ஐ ஒட்டித்தான் புழக்கத்துக்கு வருகிறது. பிரெஸ்பிட்டேரியன் சபைக்காரர்கள் புதிதாக அச்சடித்த நாணயம் என்று ஹாக்கெட் என்ற பிஷப் எழுதியிருக்கிறார். அதற்கு எதிர்ச்சொல்லான 'ஆல்ட்ருயிசம்' வருவதற்கு இன்னும் இருநூறு வருஷம் ஆனது, அதைச் செய்தவர் பிரான்சின் ஆகஸ்ட் கோம்ட்.

எங்கள் ஊர்ச் சரக்கு ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் அண்ணாச்சி கோபித்துக்கொள்வார். எங்கள் தானாதாரத்தின் முன்கதையில் ஒரு பழைய ஆவணத்தைக் குறிப்பிடும்போது 'காரியக்காரர்' என்று வருகிறது. சித்தி மகனின் போன் அதை என்னவாக்கியது என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. காரியக்காரர் என்பது திருவிதாங்கூரில் ஒரு உத்தியோகம், பின்னால் தாசில்தார் என்று பெயர் மாறியது. மரியாதைப்பட்ட பதவி, காரியம் பார்க்கிறவர். அந்த 'ர்' போய் 'ன்' வந்தால் இன்றைக்கு என்ன அர்த்தம்? 'அவன் பெரிய காரியக்காரன்டே' என்றால் தன் வேலை முடிந்ததும் கழன்றுகொள்கிறவன். கருமமே கண்ணாயினார் என்றால் பாராட்டு, காரியவாதி என்றால் திட்டு. கருமமும் காரியமும் ஒரே வேரில் வந்த சொற்கள், செய்கிற ஆளும் ஒரே ஆள், பார்க்கிறவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்பதுதான் வித்தியாசம். இதையெல்லாம் அண்ணாச்சி ஓரக்குறிப்பில் எழுதித் தரவில்லை, டீ வரும் நேரத்தில் வாய்மொழியாகத்தான். ஓரக்குறிப்பில் 'காரியக்காரர் – இக்காலத் தாசில்தார் போன்றவர்' என்று ஒரு வரி, அது போதும்.

பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னார். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் நாஞ்சில் நாட்டு வழக்கு என்றே தனியாகக் குறி போட்டுச் சொற்கள் கொடுத்திருக்கிறார்கள். 1926லிருந்து அதன் பதிப்பாசிரியராக இருந்த வையாபுரிப் பிள்ளை அதற்கு முன்னால் திருவனந்தபுரத்தில் வக்கீல். ஆதார பாஷையெல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடாக இருந்திருக்க வேண்டும் என்பது அண்ணாச்சியின் கணிப்பு. நிரூபணம் இல்லை, கேட்க நன்றாக இருக்கிறது.

இனி சேவைக்கு வருகிறேன், இதற்குத்தானே வாசிக்க ஆரம்பித்தீர்கள். பக்கத்துக்கு 200 ரூபாய் வாங்கினார். பக்கம் என்றால் அசல் தாளின் பக்கம், அவர் தமிழில் எழுதும் பக்கம் இல்லை, அதனால் குறிப்பு எவ்வளவு நீண்டாலும் நமக்குச் செலவு ஏறாது. கையால் எழுதித்தான் தருவார், எழுத்து முத்துமாதிரி இருக்கும். டைப் வேண்டுமென்றால் பக்கத்து டிடிபி கடையில் அடித்து, இவரே பிழை பார்த்துத் தருவார், அந்தக் காசு தனி. முன்பணம் பாதி. பணத்தை போனில் அனுப்பலாம், ஆனால் ஒட்டி வைத்திருக்கும் க்யூஆர் கோடு அவருடைய மருமகன் பேரில், சகோதரி மகன். சட்டம் வந்து நூறு வருஷம் ஆகிவிட்டது என்று சொன்னேன், அதற்கு மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். மகன் துபாயில், கூட இருந்து பார்க்கிறவன் மருமகன்தானாம்.

இப்போது குறைகள். ஒன்று, நேரம். பத்தரைக்குத் திறப்பார் என்று சொல்வார்கள், திறப்பார்தான், ஆனால் ஆள் பக்கத்துக் கடையில் இருப்பார். மத்தியானம் சாப்பிடப் போனால் மூணரை வரைக்கும் மறந்துவிடலாம். 'செவ்வாய்க்கிழமை வாங்க' என்றால் அது எந்த வாரத்துச் செவ்வாய் என்பதையும் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். போனை எடுக்கவே மாட்டார். ரசீது கேட்டால் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதித் தருகிறார், என் வக்கீல் நண்பர் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

இரண்டாவது குறை பெரியது. இவர் கொடுக்கும் தமிழ் நாம் தெரிந்துகொள்ளத்தான். கோர்ட்டிலோ பேங்கிலோ கொடுக்க வேண்டுமென்றால் அவர்கள் ஒத்துக்கொள்ளும் மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்தோடு தனியாக வாங்க வேண்டும். இதை அவர் முதலிலேயே சொல்லிவிடுகிறார், மறைக்கவில்லை, ஆனாலும் ரெண்டு செலவு ரெண்டு செலவுதான். போன அந்த ஒரு நட்சத்திரம் இதற்கும் காலண்டர் தாளுக்கும் சேர்த்து.

முக்கியமான விஷயம், எங்கள் கேஸில் இவரிடம் போன பிறகு செய்ய வேண்டியது குறைந்தது. எந்த வரி முக்கியம், எந்தச் சொல்லில் கவனம் வேண்டும் என்று பென்சிலால் அடையாளம் போட்டுத் தந்ததால், சர்டிஃபிகேட்டோடு செய்து கொடுத்தவரிடம் நாங்கள் ஏமாறவில்லை. அவர் முதலில் 'ஸ்வார்ஜிதம்' என்பதற்கு வெறுமனே 'சொந்தச் சொத்து' என்று போட்டிருந்தார். தப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் தமிழில் 'சொந்தம்' வசதியான சொல்: சொந்தக்காரன் என்றால் உடையவனும்தான், உறவுக்காரனும்தான். நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்ததே சொந்தம் யாருக்கு, சொந்தக்காரர் யார் என்றுதான், அதில் போய் இந்தச் சொல்லை வைத்தால் என்ன ஆகும்? 'சுயார்ஜிதச் சொத்து' என்று திருத்தி வாங்கினோம்.

குழுவில் அசல் வரியின் படத்தையும் அண்ணாச்சியின் குறிப்பையும் போட்டேன். கைதட்டல் பொம்மை போட்ட மாமா அன்றைக்கு முழுக்க ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அந்தப் பக்கத்து அத்தை ஒருவர், எண்பது வயசு, பேரனை விட்டு ஒரு குரல் பதிவு அனுப்ப வைத்தார். 'ஸ்வார்ஜிதம்னே வச்சுக்க மக்களே. அந்த மனுசன் கோட்டாறுல கடை வைக்கப்பட்ட காலத்துல மூணு நேரமும் சோறு எங்க தின்னாரு? குடும்பத்துல. துணி தொவைச்சது யாரு? எங்க ஆச்சி. சோறு குடும்பத்துக்க, சம்பாத்தியம் மட்டும் அவருக்கயா?' இதற்கு எங்கள் பக்கத்தில் ஒருவரும் இன்னும் பதில் போடவில்லை. சட்டப்படி விளை எங்களுக்குத்தான் என்று வக்கீல் சொல்கிறார். அத்தை கேட்டது சட்டம் இல்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயம். அசலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், காட்டிவிட்டு நல்ல ஜெராக்ஸைக் கொடுங்கள், ஜெராக்ஸ் அந்த வரிசையிலேயே கிடைக்கும். மடிப்பில் கிழிந்த தாளுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள், ஒட்டிக்கொண்டு போனால் முதல் பத்து நிமிஷம் திட்டு வாங்க வேண்டும். முன்னாதாரம் (அதே சொத்தின் முந்தைய பத்திரம்) இருந்தால் சேர்த்தே எடுத்துப் போங்கள், ஒன்றில் தேய்ந்தது இன்னொன்றில் கிடைக்கும். சனிக்கிழமை கூட்டம் அதிகம். காலண்டர் தாள் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வாங்கும்போது அதைக் காட்டினால்தான் நம் காகிதக் கட்டை எடுப்பார்.